இருபத்தோரு நாள் மிஷனரி

மிஷனரிகளில் இரண்டு வகை உண்டு. போன ஊரிலேயே கிடந்து, அந்த ஊர்ப் பாஷையைப் பேசி, அந்த ஊர்க் காய்ச்சலை வாங்கி, அங்கேயே கல்லறையாகிப் போகிறவர்கள் ஒரு வகை. பாளையங்கோட்டைப் பக்கம் அப்படிப்பட்ட கல்லறைகள் பழசாக நிறைய இருக்கின்றன. உள்ளே இருப்பவர்களால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. இருபத்தோரு நாளில் திரும்பி வந்துவிடுகிறவர்கள் அடுத்த வகை. நாம் பார்க்கப்போவது இவர்களைத்தான். நீங்கள் பார்க்காமல் ஒதுங்கிப் போனாலும் அவர்கள் உங்களைப் பார்த்துவிடுவார்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு காப்பி கொடுத்துப் பாருங்கள். "கென்யாவுல பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஏது?" என்று பெருமூச்சு விட்டு, மிச்சம் வைக்காமல் குடித்து, சீனி கொஞ்சம் குறைவு என்பார்கள். கரண்டு போனால் கென்யா. பஸ் வராவிட்டால் கென்யா. கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பிரியாணி வைக்க வந்தால், கண் கலங்கக் கென்யாவை நினைத்துக்கொண்டே இலையைக் காட்டுவார்கள்.

எப்சி டீச்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மறு மாதமே கென்யாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்த பிள்ளைகள் இல்லத்துக்கு ஊழியம் செய்யப் போனார். இருபத்தோரு நாள். போக வர நாலு நாள், வயிற்றுக் கோளாறு மூன்று நாள், சிங்கம் பார்க்க இரண்டு நாள். மீதி நாட்களில் பிள்ளைகளுக்கு அபிநயத்தோடு ஒரு தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார், ஒரு சுவருக்கு நீலப் பெயின்ட் அடித்தார். அதற்கு முந்தின மாதம்தான் அந்தச் சுவருக்குக் கொரியாக்காரர்கள் மஞ்சள் அடித்திருந்தார்கள். "நான் அங்கன ஒண்ணும் செய்யல, எல்லாம் கர்த்தர் செஞ்சார்" என்று டீச்சர் தாழ்மையாகச் சொல்வார். முதல் பாதியை அந்த இல்லத்து வார்டனும் ஒப்புக்கொள்வார்.

திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊழியம் இன்னும் முடியவில்லை. சபை விருந்தான அசனமா, பெண்கள் ஐக்கியச் சங்கமா, ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவா, எங்கே நாலு பேர் கூடினாலும் டீச்சர் கென்யாத் துணி ஒன்றைச் சேலைக்கு மேல் சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு, கர்த்தர் தன் மூலம் செய்ததையெல்லாம் சாட்சி சொல்ல எழுந்துவிடுவார். கூடவே திரையில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். அத்தனையிலும் நடுவில் டீச்சர், ஓரத்தில் ஆப்பிரிக்கா.

ஆனால் ஒன்று, பொய் சொல்லக் கூடாது. அச்சியெங் என்ற ஏழு வயதுப் பெண்பிள்ளை அங்கே டீச்சரின் மடியை விட்டு இறங்காமல் கிடந்தது நிஜம். கிளம்பும்போது அது அழுததும், டீச்சர் அதைவிட அதிகமாக அழுததும், மாதம் ஒரு கடிதம் போடுகிறேன் என்று அதன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்ததும் நிஜம்.

கடிதம் வந்தது. அச்சியெங்கிடமிருந்து. முதல் கடிதத்திலேயே பிள்ளை ஒரு போட்டோவை வைத்து அனுப்பியிருந்தது: "இது செத்துப்போன என் அம்மா. என்னிடம் இருப்பது இந்த ஒரு படம்தான். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்."

டீச்சர் என்ன செய்தார்? உருகிப்போனார். படத்துக்கு லேமினேஷன் போட்டார். அது இருநூற்றுப் பதினைந்தாவது படமானது. சபை சபையாக அந்த அம்மா திரையில் வந்து நின்றாள், அசல் படம் வரிசை வரிசையாகக் கைமாறியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. இரண்டாம் கடிதத்தில், நீங்கள் அடித்த நீலச் சுவருக்கு ஜெர்மனிக்காரர்கள் பச்சை அடித்துவிட்டார்கள், என் கடிதம் வந்ததா என்று பிள்ளை கேட்டிருந்தது. மூன்றாவதில், இந்தியாவுக்குத் தபால் மெதுவாகப் போகும் என்று வார்டன் சொல்கிறார், அதனால் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன் என்றிருந்தது. அதை வாசித்த அன்று மேலப்பாளையம் ரோட்டுக் கூட்டத்தில் இரண்டு பேர் விம்மி விம்மி அழுதார்கள். பதில் போடக் கூடாது என்றா டீச்சருக்கு எண்ணம்? அச்சியெங்கைப் பற்றிப் பேசவே பொழுது சரியாக இருந்தது.

டீச்சரின் கூட்டங்களுக்கு மைக்செட் போடுகிறவர் பேட்டை ஐயம்பெருமாள். அவர் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் போடுவார், சாட்சிக்கும் போடுவார். டீச்சரின் சாட்சி அவருக்கு மனப்பாடம். சிங்கம் வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டுவார். கடிதம் வாசிக்கும் இடத்தில் எக்கோவைத் திருப்பிவிடுவார்.

போன மாதம் பேட்டையில் மிஷனரி ஞாயிறு. அந்த வாரம்தான் நாலாவது கடிதம் வந்திருந்தது. இந்த வகை ஆட்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு: கடிதத்தை வீட்டில் பிரிக்க மாட்டார்கள். ஒட்டிய உறை ஒட்டியபடி மேடைக்கு வரும். சபையார் கண்முன்னே கிழிபடும். டீச்சரும் அப்படித்தான் கிழித்தார், இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழாக்கி வாசித்தார்.

"அன்புள்ள ஆன்ட்டி, நான் நாலாம் வகுப்பு வந்துவிட்டேன். இங்கே ஒரு பிள்ளை ஒருவருக்குத்தான் கடிதம் எழுதலாம். இனி பதில் போடுகிற ஒருவருக்கு எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் மேல் கோபம் இல்லை."

அடுத்த வரியை டீச்சர் கண்ணால் முதலில் பார்த்துவிட்டார். வேறு ஏதாவது சொல்லி முடித்திருக்கலாம்தான். ஆனால் முன்வரிசை முழுக்கக் கைக்குட்டையோடு காத்திருந்தது. ஐயம்பெருமாளும் பழக்கதோஷத்தில் எக்கோவைத் திருப்பிவிட்டார்.

"அம்மா முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. படத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்."

அனுப்பிவிடுங்கள், அனுப்பிவிடுங்கள், அனுப்பிவிடுங்கள் என்று குழாய் ஸ்பீக்கர் பேட்டை முழுக்கச் சொன்னது. திரையில் அச்சியெங்கின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சபையே அழுதது. இவ்வளவு நல்ல சாட்சி இதுவரை கேட்டதில்லை என்று பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாரும் போனபின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த ஐயம்பெருமாள் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"டீச்சரம்மா, அந்தப் படம் இன்னும் ஒங்கட்டதான இருக்கு?"

டீச்சர் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். வீட்டுக்கு வந்து, போர்த்தியிருந்த கென்யாத் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மைக் இல்லாமல் அழுதார். மூன்று வருஷத்தில் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு கனமான உறை வாங்கி, படத்தை அட்டை வைத்துப் பத்திரமாக உள்ளே போட்டு, விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, தபாலாபீசுக்குப் புறப்பட்டுச் செருப்பையும் மாட்டிவிட்டார்.

அப்போது போன் வந்தது. சேரன்மகாதேவிப் பெண்கள் ஐக்கியச் சங்கத்துச் செயலாளர்.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழம நீங்கதான் பேசுதிய. அந்தக் கடைசிக் கடுதாசியும், கையில வாங்கிப் பாக்க அந்தம்மா படமும் மறந்திராதிய. பேட்டையில அழாத ஆளே இல்லன்னு எல்லாரும் பேசிக்கிடுதாவ."

டீச்சர் செருப்பைக் கழற்றினார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை முதல் வேலையாக அனுப்பிவிடலாம். இத்தனை நாள் பொறுத்த பிள்ளை. உறை பீரோவுக்குள் போனது. திங்கட்கிழமைகள் அதற்குப் பிறகு நாலு வந்துவிட்டன.

எங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று சிரித்தபடி, இதை யாருக்கு அனுப்பலாமென்று நீங்கள் இந்நேரம் போனைக் கையில் எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். எடுத்ததுதான் எடுத்தீர்கள், உங்கள் பதிலுக்கு அதில் யார் எத்தனை மாதமாகக் காத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறீர்களா?