இல்லாததைக் காட்டும் காமிரா

மட்டாஞ்சேரி, கொச்சி-2
20-1-2005

சிரஞ்சீவி சாய்கிருஷ்ணாவுக்கு மாமா வெங்கிடாசலம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நீயும் அதிதியும் துபாயில் சௌக்கியமாக இருக்க பகவானை வேண்டிக்கொள்கிறேன். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. பொய் சொல்வானேன்? உன் மாமி கனகாம்பாள் என்னோடு பேசுவதில்லை. காப்பியைக் கொண்டுவந்து டங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள், பாதி கீழே சிந்திவிடுகிறது. இவ்வளவுக்கும் காரணம் நீ அனுப்பிய டிஜிட்டல் காமிரா.

அது ஒரு பழுதான சாமான். உன் மனசைப் புண்படுத்த எழுதவில்லை. கடைக்காரன் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறான். "மாமா, ரிடயராகி சும்மாதானே இருக்கேள், சாயங்காலம் கடற்கரைக்குப் போய் அஸ்தமனத்தைப் படம் பிடிச்சு அனுப்புங்கோ, ஊர் ஞாபகமாவே இருக்கு" என்று நீ ஃபோனில் கெஞ்சினாயே என்று, சந்தியாவந்தனத்தைக்கூட முன்கூட்டியே முடித்துக்கொண்டு, தினமும் பஸ் ஏறி ஃபோர்ட்கொச்சிக்குப் போனேன். போனால், நான் பார்க்கிற சூரியன் வேறு, இந்தக் காமிரா காட்டுகிற சூரியன் வேறு. நான் பார்ப்பது கடல்மேல் வெல்லப்பாகைக் கொட்டினாற்போல் பரவிக் கிடக்கும் ஒரு மங்கல். சூரியனுக்கும் வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். காமிராவின் திரையை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அதிலே நெற்றிப் பொட்டு மாதிரி உருண்டையாக ஒன்று! அதோடு விட்டதா? கடலில் கப்பலே இல்லாத அன்றைக்கு ஒரு கப்பலைப் போட்டுக் காட்டிற்று. பெட்டி பெட்டியாக அடுக்கிய பெரிய கப்பல். ஒரு கப்பல் கண்ணில் படாமல் போக அது என்ன கடுகா? மறுநாள் ஒரு வரிசைக் கொக்கு. நம் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரதீஷிடம் போய், "யாரோ எடுத்த படமெல்லாம் இதுக்குள்ளே கிடக்கு, எடுத்துப் போடு" என்றேன். அவன், "சாமி, கப்பல் அவிடே நின்னிருக்கும். காமிரா கள்ளம் பறையாது" என்று சொல்லிச் சிரிக்கிறான். பொய் பறையுமா பறையாதா என்று எனக்கல்லவா தெரியும்?

போன வாரம் பார், கரையோரம் இருந்த இரண்டு பாறைகளை முன்னால் வைத்து அஸ்தமனத்தை எடுத்தேன். எடுத்து முடித்ததும் பாறைகள் எழுந்து வந்து என்னை இங்கிலீஷில் திட்டின. வெள்ளைக்காரத் தம்பதியாம். இருட்டுகிற நேரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பாறை என்று தோன்றாது? அந்தப் பதற்றத்தில் போர்டைப் படித்து மட்டாஞ்சேரி பஸ்ஸில்தான் ஏறினேன், கொண்டுபோய் இடப்பள்ளியில் இறக்கிவிட்டார்கள். இந்தக் காலத்தில் போர்டு எழுதுகிறவர்களுக்கு எழுத்தே வருவதில்லை. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை எடுத்த படத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சூரியன் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் ஓரத்தில், காமிராவின் மின்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்க, ஒரு பெண். தோளில் குழந்தை. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்து நிற்கிறாள். ரதீஷ் போட்டுக் கொடுத்த பிரிண்டைப் பார்த்ததும் கனகாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது நம்ம சுமாவாக்கும்" என்றாள்.

எங்கள் பெண் சுமா விஷயம் உனக்குத் தெரியாததல்ல. நான் வேண்டவே வேண்டாமென்ற அந்த சிஜுவை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி இருந்தும் விட்டேன். குழந்தை பிறந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது இந்தக் காமிரா அவளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துகிறது. "அங்கே ஒரு ஈ காக்கை இல்லை, நான் அந்தப் பக்கம் பார்த்துண்டுதானே நின்னேன்" என்றேன். கனகாம்பாள் பிடித்துக்கொண்டாள். "அவ அன்னிக்கு ராத்திரியே எனக்கு ஃபோன் பண்ணினா, நான்தான் நம்பலை. அப்பா என்னை நேராப் பார்த்தார், ஒரு போட்டோ எடுத்தார், காமிராவை மூடிண்டு போயிட்டார்னு சொல்லிச் சொல்லி அழறா. கூப்பிட வாய் வரலையாம், கையை மட்டும் தூக்கினாளாம். பெத்தவர் பண்ற காரியமாக்கும் இது?" என்று கத்தினாள். அன்றோடு பேச்சு நின்றது.

நீயே சொல்லு சாயி. சொந்தப் பெண் பத்தடி தூரத்தில் நின்றால் எனக்குத் தெரியாமல் போகுமா? வேலைக்காலம் முழுக்க பஜார் கிடங்கில் மிளகு மூட்டையைப் பிரித்து, கலந்திருக்கிற பப்பாளி விதையை ஒரே பார்வையில் கண்டுபிடித்த கண்ணல்லவா இது? இன்றைக்கும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கிறேன், மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் போதும். ஆகவே காமிராவைத் திருப்பி அனுப்புகிறேன், மாற்றிக் கொடுக்கச் சொல். இன்னொன்று. நீ சுமாவோடு பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. இந்தக் காமிரா இல்லாததை எல்லாம் காட்டும் என்று அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு. முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னது வேறு. வந்து நின்றவளைப் படம் பிடித்துவிட்டு முதுகைக் காட்டிப் போவது வேறு, அது மனுஷன் செய்கிற காரியமில்லை. அப்பா அப்படிப்பட்டவனில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அதிதிக்கு என் ஆசீர்வாதம். இருவரும் தீர்க்காயுசாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் மாமா
வெங்கிடாசலம்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். கவரை ஒட்டுமுன், கனகாம்பாள் ஏவிவிட்டு, ரதீஷ் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கொண்டுபோனான். டாக்டர் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார். எந்தச் சுவர் என்று கேட்டேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிக் கிடக்கிறதாம். கண்ணாடியில்லாமல் பேப்பர் படிப்பதைப் பெருமையாகச் சொன்னேன், அதுவும் புரையின் லட்சணம்தான் என்றார். ஆக, கப்பல் இருந்தது. கொக்கும் இருந்தது. இடப்பள்ளி பஸ்ஸில் இடப்பள்ளி என்றேதான் எழுதியிருந்தது. சுமாவும் இருந்தாள். காமிராவைத் திருப்பி அனுப்பவில்லை.

அப்பாவுக்குக் கண் தெரியலைடி என்று கனகாம்பாள் ஃபோனில் சொல்லிப் பார்த்தாள். சுமா நம்பவில்லை. "மிளகுக்குள்ளே பப்பாளி விதையைக் கண்டுபிடிச்ச கண்ணாச்சே அம்மா, அதுக்கா என்னைத் தெரியலை?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டாளாம். அந்தப் பெருமையை அவளுக்குச் சின்ன வயசில் சோற்றோடு ஊட்டி வளர்த்தவன் நான்தான். நீ சொன்னால் ஒருவேளை கேட்பாள், எழுது. படத்தில் குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தும் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. கனகாம்பாளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதையும் விசாரித்து எழுது.