துரையின் வலது கால் நகம் குறித்து

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே தாங்களும் என் மகளும் நலமாக இருப்பதாகவே நினைக்கிறேன்; வேறு மாதிரி நினைக்க இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு மாதப் பயிற்சிக்காக வெளியூர் போகும்போது தாங்கள் எங்களிடம் ஒப்படைத்த கிளி துரையும் உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் வலது காலில் ஒரு நகத்தின் நுனியைக் காணவில்லை. இதை என் மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பயிற்சி முடிந்ததும் எங்கள் இருவரையும் உங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னீர்களே, அதற்கும் இந்தக் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் கூண்டைச் சோதனை போட்டேன். முப்பத்தோரு வருஷம் கிடங்குகளில் திடீர் சோதனை போட்டே பழகிய உடம்பு, ஓய்வு கொடுத்தாலும் அடங்குமா? மூடின துணியைச் சட்டென்று விலக்கி, டார்ச் அடித்து, கால் விரல் எட்டும் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் எனக்குக் காபி. அன்றைக்கு அடியில் விரித்த பேப்பரில் மூணு சொட்டு ரத்தம். முதல் சந்தேகம் உங்கள் அத்தை மேல். துரை அவளை மட்டும் கடிப்பதில்லை, அது ஏன்? கேட்டேன். "வாயை மூடிட்டு சோள மாவை எடுத்துட்டு வாங்க"ன்னா. ரத்தம் வர்றப்போ சமையலான்னு எனக்கு அதிலயும் சந்தேகம். நகத்து நுனியில மாவை வெச்சு அழுத்திப் பிடிச்சா ரத்தம் நிக்குமாம். நெஞ்சை நெருக்காம துண்டால சுத்திப் பிடிங்கன்னா, பிடிச்சேன். பயல் தலையை மட்டும் வெளிய நீட்டி, என் கட்டைவிரல் சதையைக் கவ்வினான் பாருங்க, "ஐயய்யோ, கொல்றானே!"ன்னு நான் போட்ட சத்தத்துல மேல்வீட்டம்மா ஓடி வந்துட்டாங்க. துரைக்கு ரெண்டு நிமிஷத்துல ரத்தம் நின்னுது. எனக்கு நிக்கலை. எனக்கு மாவு வைக்க யாரும் வரலை.

அதோட விட்டானா? அன்னிலேருந்து சாயங்காலமானா "ஐயய்யோ, கொல்றானே!"ன்னு என் குரல்லயே கத்தறான். மேல்வீட்டம்மா படியில என்னைப் பார்த்தா பாவமா பார்க்கறாங்க, உங்க அத்தையைப் பார்த்தா ஒதுங்கிப் போறாங்க.

பறவை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. காலைப் பார்த்துட்டு, நகத்துல ஒட்டியிருந்த ஒரு நீல நூலை இடுக்கியால எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. நூலில மாட்டிக்கிட்டு இழுத்திருக்கான், நுனி பிஞ்சிருக்கு. அது கூண்டு மேல நான் போத்தற என் பழைய துண்டோட நூல்தான்னு உங்க அத்தை சாட்சி சொல்றா. நான் ஒத்துக்கலை, மறுக்கவும் இல்லை. அடுத்து டாக்டரம்மா என்னையே விசாரிக்க ஆரம்பிச்சாங்க. "கருவிழி சுருங்கி சுருங்கி விரியுதா, கழுத்து இறகு சிலிர்க்குதா, பார்த்தீங்களா? அப்போ கையை நீட்டக் கூடாது சார். கடிச்சா அடிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. நீங்க கத்தினா அவனுக்கு அது விளையாட்டு. தினம் காலையில மூஞ்சில டார்ச் அடிச்சு உங்க விரலை ஒருத்தர் எண்ணினா, நீங்க கடிக்க மாட்டீங்களா?" பேசாம பக்கத்துல உக்காந்து பேப்பர் படிங்க, அவனா வருவான்னு சொல்லி அனுப்பினாங்க. டாக்டரம்மாவும் துரை பக்கம்தான், சந்தேகமே இல்லை.

இப்போ விஷயத்துக்கு வரேன் மாப்பிள்ளை. என்னைக் கண்டாலே துரை, கம்பில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, "வந்துட்டாருடா! நகரு, நகரு!"ன்னு கத்தறான். குரல் யாருது தெரியுமா? உங்க குரல். இருமல்கூட உங்களுது. கிளி தானா கட்டிப் பேசுமா? வீட்டுல கேட்டதைத்தானே பேசும்? யோசிச்சுப் பார்த்தேன். உங்க வீட்டு மணியை நான் அடிச்சா, கதவு திறக்க எப்பவும் ஒரு நிமிஷம் ஆகுது. உள்ளே நாற்காலி இழுபடற சத்தம் கேக்குது. கதவு திறந்ததும் உங்க முகத்துல ஒரு சிரிப்பு, தோள்ல ஒரு துரை. ஆள் வரான், ஒளிக்கறதை ஒளின்னு உள்ளே ஏற்பாடு நடக்குதுன்னு புரிய எனக்கு இத்தனை நாள் ஆயிருக்கு. கிடங்குல நான் நுழைஞ்சப்போவும் இதே சத்தம்தான் கேக்கும். அங்கே கேட்டா எனக்குப் பெருமையா இருக்கும். மக வீட்டுல கேட்டா மனசு தாங்கலை மாப்பிள்ளை. ரெண்டு நாளா சோறு இறங்கலை.

ஆகவே நாங்கள் தங்கள் வீட்டோடு வந்து தங்குவதாக இல்லை. துரையை வந்து பெற்றுக்கொள்ளவும். நக நுனி ஒன்று குறைவு என்பதை இப்போதே தெரிவித்துவிட்டேன், பின்னால் பேச்சு வரக் கூடாது.

தாங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், எங்கள் தொந்தரவும் இல்லாமல், நீடூழி வாழ்க. உங்கள் அத்தை ஆசி சொல்லச் சொன்னாள். என்னோடு பேசவில்லை, ஜாடையில்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறை ஒட்டறதுக்கு முன்னாடி இதை எழுதறேன். இன்னிக்கு டார்ச் அடிக்கலை. டாக்டரம்மா சொன்ன மாதிரி கூண்டைத் திறந்து வெச்சுட்டு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிச்சேன். அரை மணி கழிச்சு துரை நடந்தே வந்து நாற்காலிக் கைப்பிடியில ஏறினான். கடிக்கலை. வெயில்ல இறகைக் கோதிக்கிட்டே, இவ்வளவு நாளும் பாதியில விட்ட பேச்சை உங்க குரல்ல முழுசா சொன்னான்: "வந்துட்டாருடா! நகரு, நகரு துரை! ஜன்னல் நாற்காலியை மாமாவுக்கு விடு, அவருக்கு முட்டி வலிடா, வெயில் வேணும்."

உங்க வீட்டுல அது அவன் நாற்காலியாமே? நான் வர்றப்போ எல்லாம் அவனை எழுப்பி விடுவீங்களாமே? உங்க அத்தைக்கு இது எப்பவோ தெரியுமாம். என்கிட்ட ஏன் சொல்லலைன்னா, "நீங்க எங்க கேட்டீங்க? விசாரிக்கத்தானே செஞ்சீங்க"ன்றா.

மேலே எழுதினதைப் படிக்காத மாதிரி இருங்க மாப்பிள்ளை. நாங்க வர்றோம். நாற்காலி துரைக்கே இருக்கட்டும், பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. டார்ச்சை மேல்வீட்டம்மாவுக்குக் குடுத்துட்டேன்.