கொசுவின் நெற்றியில் பொட்டு

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வசிக்கும் கண்ணம்மாவுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதுதான்: அவள் வரைந்த கொசு சரியாக இருந்தது. சரியாக இருந்த ஒரே காரணத்துக்காக அது நிராகரிக்கப்பட்டது. கொசுவோடு சேர்த்து அவளுடைய பட்டமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

வருடம் 1996. வடிவமைப்புப் படிப்பில் கடைசி ஆண்டு. மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு பொது அலுவலகத்துக்காகக் கம்ப்யூட்டரில் ஒரு சுவரொட்டி செய்து, அதையே அச்சடித்தும் தர வேண்டும். "திரையில் கண்டதும் தாளில் கண்டதும் ஒன்றே" என்று அந்த அலுவலகம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வந்தால் பட்டம். பட்டம் வந்தால் நுங்கம்பாக்கத்து விளம்பரக் கம்பெனியில் வேலை. வராவிட்டால், அரக்கோணத்தில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையைப் பற்றிக் கண்ணம்மாவுக்குப் புகார் எதுவும் இல்லை. அவர் தயாராக இருப்பதைப் பற்றித்தான்.

அவளுக்கு வாய்த்தது கொசு ஒழிப்புச் சிறப்பு அலுவலகம். பாடி முதல் திருமழிசை வரையிலான சகல கொசுக்களும் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஏ.சி. அறை, அதிகாரிக்கு மின்விசிறி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜையன்று திரைக் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தார் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் கஜபதி. அடுத்த ஆயுத பூஜை வரை அதைத் துடைக்கக் கூடாது என்பது அரசாணையில் இல்லாத, ஆனால் அரசாணையைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி.

கண்ணம்மா ஃபிளாப்பியைப் போட்டுச் சுவரொட்டியைத் திறந்தாள். திரை நிறையக் கறுப்பாக ஒரு கொசு. கீழே, "தேங்கிய நீரை அகற்றுவோம், கொசுவை ஒழிப்போம்." அதிகாரி பக்தவத்சலம் கைகட்டி நின்று பார்த்தார். தலையசைத்தார். கோப்பில், "திரையில் கண்டவாறே அங்கீகரிக்கப்பட்டது" என்று எழுதினார்.

பூந்தமல்லி உஸ்மான் கனி அச்சகத்தில் ஒரு மாதிரித் தாள் அடித்துக்கொண்டு மறுநாள் வந்தாள். அதிகாரியின் முகம் சுருங்கியது.

"பொட்டு எங்கேம்மா?"

"எந்தப் பொட்டு சார்?"

"கொசுவுக்கு நெற்றியில் வைத்திருந்தாயே."

"சார், அது கண்ணாடி மேல இருக்கிற குங்குமம். படத்துல இல்ல."

"திரையில் பொட்டு இருந்ததா, இல்லையா?"

"இருந்தது. ஆனா..."

"தாளில் இருக்கிறதா?"

"இல்ல."

"திரையில் கண்டதும் தாளில் கண்டதும் ஒன்றா?"

கல்லூரிப் பட்டிமன்றங்களில் கோப்பை கோப்பையாக வாங்கியவள் கண்ணம்மா. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லி ஒரு வாதத்தில் தோற்றது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"ஒரு ஈரத்துணி குடுங்க சார், துடைச்சுக் காட்டறேன்."

கஜபதி குறுக்கே பாய்ந்தார். "இன்னாமா பொண்ணு நீ! வெச்ச பொட்டப் போயி அழிக்கச் சொல்றியே. போன வருசம் ஒருத்தன் தொடச்சான். ரெண்டு நாளு இங்க கரண்டே இல்ல, தெரியுமா?"

"எங்க குவார்ட்டர்ஸ்லயும்தான் கரண்ட் இல்ல."

"பாத்தியா! இங்க தொடச்சதுக்கு அங்க வரிக்கும் போயிகீது."

கண்ணம்மா அதிகாரியிடம் திரும்பினாள். "கொசுவுக்கு எதுக்கு சார் பொட்டு?"

"கடிப்பது ஆண் கொசுவா, பெண் கொசுவா?"

"பெண் கொசு."

"பிறகென்ன? பெண் என்றால் நெற்றியில் பொட்டு இருந்தால்தானே லட்சணம். உன்னையே எடுத்துக்கொள். ஸ்டிக்கர் பொட்டு இல்லாமலா வந்திருக்கிறாய்?"

"நான் யாரையும் கடிக்கலியே சார்."

அதிகாரி அதை ஒரு வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

வேறு வழியில்லை. கண்ணம்மா அரக்கோணத்தை நினைத்துக்கொண்டாள். ஃபிளாப்பியிலிருந்த கொசுவுக்கும் பொட்டு வைத்தாள், அச்சகத்துக்கும் போனாள்.

"கறுப்பு மட்டும்தானேம்மா சொன்னே?" என்றார் உஸ்மான் கனி. "செவப்புக்குன்னு தனியா பிளேட்டு போடணும். ஒரு பொட்டுக்கா?"

"ஆமா பாய்."

"கொசுவுக்கா?"

"ஆமா பாய்."

"இன்னா, கண்ணாலமா அதுக்கு?"

பாடியிலிருந்து நெமிலிச்சேரி வரை சுவருக்குச் சுவர் பொட்டு வைத்த கொசு ஒட்டப்பட்டது. யாரையோ விசேஷத்துக்கு அழைக்க வந்ததுபோல மங்களகரமாக இருந்தது. திருமழிசை பஸ் நிறுத்தத்தில் ஒரு புண்ணியவதி அதற்கு ஒரு முழம் கதம்பம் செருகிவிட்டுப் போனாள். "பொதுமக்களின் அமோக ஆதரவு கிட்டியுள்ளது" என்று அலுவலகம் மேலிடத்துக்கு எழுதியது. கொசுக்கள் தரப்பிலிருந்தும் ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் செய்ததென்றால் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அம்பத்தூர் டியூட்டோரியல் நோட்டீஸில் பொட்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் வந்தது. கருமாதிப் பத்திரிகையிலும் வந்தது. ஜெராக்ஸ் கடைகளில் "கம்ப்யூட்டர் பொட்டு வைத்துத் தரப்படும்" என்று போர்டு தொங்கியது. பொட்டில்லாத காகிதம் டூப்ளிகேட் என்று ஒதுக்கப்பட்டது.

கண்ணம்மா விடவில்லை. ரயிலில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயடியில், பார்த்தவர்களிடமெல்லாம் வாதாடினாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணா நீ? எங்க பத்திரிகைக்கும் ஒரு பொட்டு போட்டுக் குடேன்" என்றார்கள்.

ஒருவழியாகப் பக்தவத்சலம் சான்றிதழில் கையெழுத்திட்டார். கம்ப்யூட்டர் பூஜைக்குரியது என்பதால் அது டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டிருந்தது.

கல்லூரி அலுவலகத்தில், பட்டம் வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் தங்கவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா, இதுல பொட்டக் காணோம்?"

"இது டைப் அடிச்சது அண்ணே. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு."

"அதெல்லாம் யாரு வேணா போட்டுக்குவாங்கோ. பொட்டு இல்லியே."

"அண்ணே, அந்தப் பொட்டை ஊருக்கே கொண்டுவந்து விட்டவ நான்தான்!"

"அப்ப உனுக்கு நல்லாவே தெரியணுமே. ஜன்னல் சாத்தப் போறேன், இன்னிக்குத்தான் கடைசி நாளு."

கண்ணம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நுங்கம்பாக்கம் தெரிந்தது, அரக்கோணமும் தெரிந்தது. ஒரு கணம்தான். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துச் சான்றிதழின் நட்டநடுவில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தி நீட்டினாள்.

தங்கவேல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஆங், இப்பதான் ஒரிஜினல்." பட்டத்தை உறையிலிருந்து பாதி வெளியே இழுத்தார். "எங்க, உன் ஐடி கார்டக் காட்டு."

காட்டினாள். அவர் கார்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். பட்டம் மெதுவாக உறைக்குள் திரும்பிப் போனது.

"போட்டோல கீற பொண்ணு பொட்டு வெச்சிக்கினு கீதே."

"அண்ணே, இப்பதானே உங்க கண்ணு முன்னாடி எடுத்து ஒட்டினேன்!"

"அதெல்லாம் ஞாயந்தாம்மா," என்று தங்கவேல் ஜன்னலைச் சாத்தியபடியே பதில் சொன்னார். "சர்டிபிகேட்டு ஒரிஜினலு. நீதான் டூப்ளிகேட்டு. போயி ஒரிஜினலக் கூட்டிக்கினு வா."