காம்பின் தடிமன்

பி மதிப்பு 0.21. விஜயபாண்டி கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். அப்போதும் 0.21தான்.

கம்பத்தில், புதிய பூச்சிமருந்துக்குத் திராட்சைத் தோட்டத்தில் சோதனை. பத்து வரிசைக்கு மருந்து, பத்து வரிசைக்கு வெறும் தண்ணீர். தெளித்தது கூலியாள் முத்துப்பாண்டி, வீரபாண்டித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய கையோடு.

"0.05க்குக் கீழ வரலைன்னா மருந்தும் கிடையாது, நீங்களும் கிடையாது" என்று மருந்துக் கம்பெனி மேலாளர் விஜயபாண்டியிடம் சொல்லிவிட்டார். இரண்டு பேரை ஏற்கெனவே அனுப்பியாயிற்று.

"அது என்ன எழவு மதிப்பும்மா?" என்று புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கும் ஜோதிலட்சுமியிடம் எரிந்து விழுந்தான்.

"மருந்துல ஒண்ணுமே இல்லைன்னு வச்சுக்குங்க சார். அப்பவும் தற்செயலா இம்புட்டு வித்தியாசமோ, இதுக்கு மேலயோ வர, நூத்துக்கு இருபத்தோரு வாய்ப்பு இருக்கு."

ஆடு மேய்ந்த இரண்டு வரிசைகளை நீக்கினான். 0.34. போச்சுடா!

பூச்சியை எண்ணுவதை விட்டுவிட்டு இலையை அளந்தான். பழத்தை எடை போட்டான். இனிப்பைச் சோதித்தான். சனியன் இறங்குவேனா என்றது.

"சார், இருபது விதமா அளந்தா ஒண்ணாவது சும்மாவே கீழ வந்து நிக்கும். அதை நம்பக் கூடாது."

"அப்ப இன்னும் அளப்போம்!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பத்தொன்பதாவதாகக் காம்பின் தடிமன். 0.03!

அறிக்கை போனது. வேலை தப்பியது. மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மொதல்ல உங்க வீட்டுத் தோட்டத்துல அடிங்க. அப்பத்தான் ஊரு நம்பும்."

அண்ணன் அழகுமலை போன வருடம்தான் முக்கால் தோட்டத்தைப் பூச்சிக்குக் கொடுத்தவர்.

"ஏலே, நெசமாக் கேக்குமா?"

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சுண்ணே."

பழைய மருந்தை நிறுத்திவிட்டு அவரே புதியதை அடித்தார். பத்து நாளில் பூச்சி ஏறி இலையெல்லாம் சுருண்டது. பிஞ்சு கொட்டியது. வரப்பில் உட்கார்ந்தவர் சோறு தண்ணி இல்லாமல் அங்கேயே கிடந்தார். தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் விஜயபாண்டிக்குத் தாங்கவில்லை.

"உனக்கு அடிக்கத் தெரியலைண்ணே, அம்புட்டுத்தான்" என்று சமாளித்து, முத்துப்பாண்டியை வரவழைத்தான். அவன் பிரிக்காத மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தான்.

"சோதனையில எப்பிடி அடிச்சயோ, அப்பிடியே இங்கனயும் அடி. ஒரு சொட்டு கூடக் குறையக் கூடாது" என்றான் விஜயபாண்டி.

முத்துப்பாண்டி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

"அப்பிடியே அடிக்கணும்னா இந்த மருந்து எதுக்கு சார்? காப்புக் கட்டுன கையால உசுரக் கொல்லலாமான்னு, இருபது வரிசைக்கும் தண்ணியைத்தானே அடிச்சேன்."