உசிலைக்குப் போடாத மார்க்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மார்க் அண்ணாச்சியிடம் மார்க் வாங்காத பொருளே கிடையாது. சித்திரை வெயிலுக்கே "கொஞ்சம் ஓவர், அஞ்சு கொறைக்கேன்" என்றவர்.

வேலையும் அப்படியே அமைந்தது. திருவேங்கடம் பக்கம் மாரியம்மாக்காவின் கரிசல் காட்டில், உளுந்துக்கு இடையிடையே வேம்பு, வாகை, ஆத்தி, உசிலை என்று நாட்டு மரங்களைச் சோதனைக்கென்று நட்டிருந்தார்கள். எது தீவனம் தரும், எது விறகாகும், எது உளுந்தைக் கெடுக்காது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் அண்ணாச்சி. தேறாததை வெட்டிவிடுவதாக அக்காவோடு பேச்சு. அவள் வீட்டு அடுப்பு உளுந்தை நம்பித்தான் எரிந்தது. எட்டாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பிய நான் அங்கே தண்ணீர் ஊற்றினேன். இடையிடையே எங்காவது ஓடிப்போய், பசித்ததும் திரும்பி வருவேன்.

விறகுச் சோதனைக்கு ஒவ்வொரு மரத்துச் சுள்ளியிலும் பால் விடாத கட்டஞ்சாயா போடுவார். ஒருநாள் புகையில் நாங்கள் கண்ணீர் வடிப்பதைப் பார்த்து, சைக்கிளில் போன பெரியவர் இறங்கி, "யாருவே போனது?" என்று துக்கம் விசாரித்தார். தீவனச் சோதனைக்கு ஓர் ஆடு. அது வாகைத் தழையையும் தின்றது, அண்ணாச்சியின் சட்டைப்பையையும் தின்றது. இரண்டுக்கும் ஒரே மார்க்.

மத்தியானம் நிழல் சோதனை.

"உறங்குததுக்கா அண்ணாச்சி உமக்குச் சம்பளம்?" என்பாள் அக்கா.

"உறங்கல தாயி. நிழல சோதிக்கேன்."

"அப்ப கொறட்டை?"

"அதுதான் ரிசல்ட்டு."

உசிலை மட்டும் அவருக்குச் செல்லம். அதுவோ வளர்வேனா என்றது. "வளருதியா, இல்ல ஒன்னைய சிவகிரில கெட்டிக் குடுத்துரவா?" என்று மிரட்டியும் பார்த்தார். தழையும் விறகும் தராமல் உளுந்துக்கான இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டதால், கடைசியில் தேறாதது அது ஒன்றுதான்.

"கூட அஞ்சு போடும் அண்ணாச்சி, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"ஏலே, நான் பொய் மார்க் போட்டா அவ வெள்ளாமைல்லா போவும்?"

அவரே கோடாரி எடுத்தார். அன்றைக்குச் சாயா போடவில்லை. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

நானும் போனேன். திருப்பூரில் மூட்டை தூக்கினேன், புனலூரில் ரப்பர் வெட்டினேன். நல்லது கெட்டது எதைப் பார்த்தாலும், இதற்கு எவ்வளவு மார்க் என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

போன மாதம் அந்த வழியே பஸ்ஸில் வந்தவன் இறங்கிவிட்டேன். இடுப்பளவு நின்ற உசிலைக் கட்டையில் கொத்துக்கொத்தாகத் தழை. ஆடுகள் முன்னங்காலை ஊன்றி மேய்ந்தன. சுற்றிலும் உளுந்து நன்றாகவே நின்றது.

"வெட்ட வெட்டத் தழைக்குப்பா," என்றாள் மாரியம்மாக்கா. "கோடைல ஆட்டுக்கு இதவிட்டா வேற பச்சை கெடையாது. எல்லாத்தையும் சோதிச்ச மனுசன், வெட்டுனா தழைக்குமான்னு பாக்காமப் போயிட்டாரே. நம்பர் வச்சிருக்கியா?"

"பழைய நம்பர்தான்க்கா. போவ மாட்டேங்கு."

"ஊர் ஊராச் சுத்துதவன்தான நீ. எங்கயாவது கண்டா சொல்லு, அவரு மரம் பாஸுன்னு."

இப்போதெல்லாம் பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் இறங்கி, அங்கே இருக்கிற முகங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.