நாளைக்கு அரிசி இருக்கிறது

அரியலூர்,
புதன்கிழமை.

அன்பு நிறைந்த தம்பி மணிவண்ணனுக்கு அக்கா பொன்னுத்தாய் எழுதுவது. இங்கே நானும், இரண்டு பெரிய அடுப்பும், இல்லத்துப் பெண்பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் சுகம். பெரம்பலூரில் நீயும் உன் வீட்டுக்காரி பாக்யலட்சுமியும் உன் மெஸ்ஸும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ நான்கு சொல்வாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். உன் மெஸ்ஸில் சமைக்க ஆறு மாதமாகக் கூப்பிடுகிறாய் அல்லவா, வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வா. பெட்டி கட்டியாகிவிட்டது, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். இந்தக் குழந்தைகள் இல்லத்தில் சமைக்கும் தகுதி எனக்குப் போய்விட்டது. ஏன் என்பதை முழுவதும் படி. நடுவில் சிரித்துவிட்டு நிறுத்தாதே.

பதினைந்து நாளாகக் காலையில் இட்லி குறைந்துகொண்டே வந்தது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் எனக்குத் தட்டில் சட்னி மட்டும் மிஞ்சும். முதல் சந்தேகம் வாட்ச்மேன் பழனிவேல் மேல். நேராகக் கேட்காமல், "சில பேருக்கு இப்ப உடம்பு நல்லா பூசினாப்ல இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் சர்க்கரை நோயாளி, இரண்டு இட்லிக்கு மேல் தொடுவதில்லையாம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கச் சொல்லிவிடுகிறார், நான் உருட்டிக்கொண்டு வருகிறேன். அடுத்தது எலியாகத்தான் இருக்கும் என்று கடைவீதியில் பொறி வாங்கி வைத்தேன். அதில் வார்டன் மேடத்தின் கால் கட்டைவிரல் சிக்கியது.

கடைசியில் எறும்புதான் காட்டிக்கொடுத்தது. சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் ஓரமாகவே போய், பிள்ளைகள் படுக்கிற அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைந்தது அந்த வரிசை. கவியாவின் பெட்டி. ஏழு வயசு. பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றவளை அழைத்துவந்து விட்டு இருபது நாள்தான் ஆகிறது. திறந்தால் நோட்டுத் தாளில் சுற்றிய காய்ந்த இட்லிகள், வியாழக்கிழமை சுண்டல், நான் புடைக்கும்போது சிந்தியதைப் பொறுக்கிக் காலுறைக்குள் போட்டுவைத்த ஒரு பிடி பச்சரிசி. எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பிள்ளைகளும் பார்க்க எல்லாவற்றையும் குப்பையில் கொட்டி, பெட்டியை ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கவிழ்த்தேன். பெரிய சாதனை செய்தது போல முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வந்தேன்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார்டன் மேடம் மடியில் வைத்து ஊட்டியும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் சுகன்யா என் சமையலறைக்குள் வந்தாள். அவளை உனக்கு நினைவிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் செந்துறைப் பக்கமிருந்து வந்து, பேர் கேட்டால் தரையைப் பார்த்தவள். ஒரு முட்டைக்காகப் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவைத்தாள் என்று சொன்னேனே, அவள்தான். இப்போது பத்தாவது படிக்கிறாள். பின்னால் நாலைந்து பிள்ளைகள்.

"ஆயாம்மா, நீங்க செஞ்சது தப்புங்க."

கரண்டியோடு அவள் பக்கம் திரும்பினேன். "எதுடி தப்பு? எறும்பு புத்து கட்டுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"எறும்பு வந்தா மூடி போட்ட டப்பா குடுத்திருக்கலாம்ல? நான் வந்தப்ப தலகாணி உறைக்குள்ள சப்பாத்தி வெச்சிருந்தேன். இதோ, பின்னால நிக்கிற இவளும் வெச்சிருந்தா. நாளைக்குச் சோறு உண்டா இல்லியான்னு வந்த புதுசுல யாருக்குங்க தெரியும்?"

"அதுக்கு என் இட்லியைத் திருடணுமா?"

"அவ திருடலைங்க. நாங்கதான் இன்னொண்ணு கேட்டு வாங்கி அவ கையில குடுத்தோம். ஸ்டோர் ரூம அவளுக்குத் தொறந்து காட்டுங்க. கண்ணால பாத்தா சாப்பிடுவா."

ஸ்டோர் ரூம் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பெண் குரல் நடுங்காமல், மரியாதை குறையாமல் கேட்டாள். திறந்தேன். அரிசி மூட்டை, பருப்பு டின், எண்ணெய் எல்லாம் காட்டி, "இது நாளைக்கு, இது நாளன்னைக்கு" என்றேன். கவியா அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். கையை வெளியே எடுக்கவே இல்லை. "ஞாயித்துக்கெழமைக்கும் இருக்கா?" என்றாள். "இருக்குடி தங்கம்" என்றேன். அன்று மத்தியானம் மூன்று முறை சோறு வாங்கினாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு இன்ஸ்பெக்‌ஷன். பெரிய அதிகாரிகள் வந்தால்கூட இப்படிக் குடைந்ததில்லை. "பருப்பு நேத்து இதவிட மேல இருந்துச்சே?" என்கிறாள். "சாம்பார் வெச்சேன்டி" என்று நான் கைகட்டிப் பதில் சொல்கிறேன்.

அதுதான் எல்லாம் சரியாகிவிட்டதே என்பாய். எனக்குச் சரியாகவில்லை தம்பி. பசியைக் கண்டு பயந்த பிள்ளை சேர்த்து வைத்ததை அள்ளிக் குப்பையில் போட்ட கை இது. கரண்டியைப் பிடித்தாலே ஃபினாயில் வாசம் வருகிறது. சுகன்யாவுக்குத் தெரிந்தது, முப்பது வருஷம் சோறாக்கிய எனக்குத் தெரியவில்லை. உன் மெஸ்ஸுக்கு வருகிறவன் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அவன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டியிருக்காது. அதனால் வருகிறேன்.

பாக்யலட்சுமியை முட்டிவலித் தைலத்தை நிறுத்தாமல் தேய்க்கச் சொல். நீங்கள் எல்லாரும் வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பொன்னுத்தாய்

பி.கு: இன்று வியாழக்கிழமை. தபாலில் போடுவதற்கு முன் என் பெட்டியைப் பார்த்தால் எறும்பு. உள்ளே, புடவைகளுக்கு நடுவில், கணக்கு நோட்டுத் தாளில் சுற்றிய இரண்டு இட்லி. கவியாவைக் கூப்பிட்டு "என்னடி இது?" என்றேன். "பெரம்பலூர்ல ஸ்டோர் ரூம உங்களுக்குத் தொறந்து காட்டுவாங்களா?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றேன். "அதான் வெச்சேன்" என்றாள். எறும்பைத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டேன். முடிக்கிறவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக வராதே. வருவதானால் மூடி போட்ட டப்பா முப்பத்திரண்டு வாங்கிக்கொண்டு வா. பிள்ளைகளுக்கு முப்பத்தொன்று, எனக்கு ஒன்று.