எங்கள் வளாகத்தில் இருந்த பொதுமக்கள்

தீயைக் கண்டுபிடித்தவன் யாரிடமும் அனுமதி வாங்காமல் கண்டுபிடித்தான். மனிதகுலத்தின் முதல் பாதுகாப்பு மீறல் அதுதான். அன்றைக்கே ஒரு குடியிருப்போர் சங்கம் இருந்திருந்தால், "தம்பி, முதல்ல கூட்டம் போடுவோம், அப்புறம் கல்லை உரசலாம்" என்று அவனை உட்கார வைத்திருக்கும். உலகம் இவ்வளவு தூரம் கெட்டுப்போயிருக்காது. காலம் கடந்தாவது அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பெருமை எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கும், அதன் செயலாளராகிய அடியேனுக்கும் சேரும்.

விடுமுறைக் கொண்டாட்டத்துக்குப் பொதுமக்கள் பட்டாசு வெடிக்கலாமா, கூடாதா? ஊரே இதற்காகத் தெருவில் நின்று சண்டை போட்டது. நாங்கள் மட்டும் கீழ்த்தளத்து ஹாலில், மின்விசிறிக்கு அடியில், முறைப்படி நாற்காலி போட்டுச் சண்டை போட்டோம்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆயுள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்னவர், கூட்டத்தில் மட்டும் ஒருவரையும் திறக்க விடமாட்டார்.

"பொதுமக்கள் கையில பட்டாசைக் கொடுக்கிறது ரொம்ப ஆபத்து," என்றார். "அவங்களுக்குப் பொறுமை கிடையாது. திரி பத்திக்கிச்சான்னு குனிஞ்சு பார்ப்பாங்க. அதனால, நம்ம வளாகத்துல பொதுமக்கள் பட்டாசு வெடிக்கத் தடை!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நிறைவேறிய பிறகுதான் மூன்றாம் மாடி 'ரிஸ்க் மேனேஜர்' எழுந்தார். கம்பெனியில் ஆபத்துகளை நிர்வகிப்பது அவர் வேலை. என்ன ஆபத்து என்று அவர் வீட்டம்மாவுக்கே இன்னும் தெரியாது.

"ஒரு சின்ன சந்தேகம். நான் பொதுமக்கள்ல வருவேனா?"

"சேச்சே! நீங்க எப்படிங்க வருவீங்க?"

"அப்பாடா. ரெண்டு பெட்டி வாங்கி வெச்சுட்டேன், அதான் கேட்டேன்."

அடுத்து மூச்சுப்பயிற்சி டீச்சர் எழுந்தார். "எனக்குப் பதட்டமே வராது. திரியைப் பத்தவெச்சுட்டு, ஆழமா மூச்சை இழுத்து விட்டு, நிதானமா நடந்து வருவேன்."

"நடந்து வர்றதுக்குள்ள வெடிச்சுடாதா?"

"வெடிச்சாலும் பதட்டப்பட மாட்டேன்."

இவ்வளவு மன அடக்கம் உள்ளவரைப் பொதுமக்களில் சேர்ப்பது அநியாயம் என்று விதிவிலக்கு வழங்கப்பட்டது. வக்கீலுக்குச் சட்டம் தெரியும், ஆகவே விலக்கு. கட்டட கான்ட்ராக்டருக்குச் சத்தம் பழக்கம், ஆகவே விலக்கு. தடையை எழுதியதே நான் என்பதால் எனக்கு விலக்கு கேட்காமலே கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பொறுப்புள்ள பெற்றோர் பெற்ற பிள்ளைகள். அவர்களையும் ஒட்டுமொத்தமாக விலக்கினோம்.

கடைசி வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, எல்லாரையும்தான் விலக்கிட்டீங்களே. தடை யாருக்கு?"

ஹால் திகைத்துப் போனது. எவ்வளவு நல்ல தடை! அனுபவிக்க ஓர் ஆள் இல்லாமல் போனால் எப்படி? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்போதுதான் கதவோரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த காவலாளி எங்கள் கண்ணில் பட்டார்.

வாயிற்கதவை ஒட்டிய ஓர் அறையில் அவரும் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வேலையோடு சேர்ந்து வந்த அறை. வேலை போனால் அறையும் போய்விடும். அதற்கு முன்னால் அந்தப் பெண் நிறைமாத வயிற்றோடு யார் யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டு இருந்தாளாம். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சங்கத்தின் அலுவல்களில் இது வராது.

"பட்டாசு ஏதாவது வாங்கினீங்களா?" தலைவர் அவரிடம் கேட்டார்.

"இல்லைங்க சார். பாப்பாவுக்குச் சத்தம் ஆகாது. தூக்கிவாரிப் போடும்."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். வாங்கக்கூடாது."

"சரிங்க சார்."

இவ்வளவு அடக்கமான பொதுமக்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தானே? விடுமுறை அன்று காலையில் 'பாதுகாப்பு ஆய்வுக் குழு' அந்த அறைக்குள் நுழைந்தது. தலைவர், ரிஸ்க் மேனேஜர், நான். உள்ளே போன பிறகு திரும்ப இடமில்லை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கொடியில் காய்கிற குழந்தைத் துணிகள், ஜன்னலுக்கு நேராக ஒரு துணித் தொட்டில். அடுப்புக்குப் பக்கத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டது ஒரு தீப்பெட்டி.

"இது எதுக்கு?"

"அடுப்பு பத்தவைக்கத்தாங்க சார்," என்றாள் அந்தப் பெண். "பாப்பாவுக்குப் பால் காய்ச்சணும்."

"இன்னிக்கு அடுப்பு. நாளைக்கு ராக்கெட்," என்றார் ரிஸ்க் மேனேஜர். "எல்லாம் இப்படித்தாங்க ஆரம்பிக்கும்."

"அப்போ பாலுக்கு?"

"கொண்டாட்டம் முடிஞ்சதும் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடுவோம். குழந்தைகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா."

விஷயம் தெரிந்ததும் என் மனைவி என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "வெக்கமா இல்லை உங்களுக்கெல்லாம்? பச்சைக் குழந்தைக்குப் பால் காய்ச்சுறதும் குத்தமா?" என்றவள், மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்: "ஏம்மா, பசிக்கிறப்போ எல்லாம் பாப்பாவைத் தூக்கிட்டு மேல வந்துடு. நம்ம வீட்டுலயே காய்ச்சிக்கோ." சங்கத்தின் முடிவைச் செயலாளர் வீட்டிலேயே மதிக்காவிட்டால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்? மனம் நொந்துபோனேன்.

மாலையில் வளாகமே முற்றத்தில் கூடியது. பொதுமக்கள் வேடிக்கை பார்க்கலாமா என்று கடைசி நேரத்தில் ஒரு கேள்வி எழுந்தது. பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் கை நீளும் என்று தலைவர் விளக்கினார். காவலாளி வாசலில், தெருவைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக்கூடாது என்று உத்தரவாயிற்று.

"சரிங்க சார்," என்று போய் நின்றார்.

தலைவர் பாட்டிலை வைத்து அதில் ராக்கெட்டைச் செருகினார். கொளுத்தலாம் என்றால் ஒருவரிடமும் தீக்குச்சி இல்லை. எல்லார் வீட்டிலும் கரண்ட் அடுப்பு. காலையில் பறிமுதல் செய்த தீப்பெட்டிதான் மானத்தைக் காப்பாற்றியது. பாட்டில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கான்ட்ராக்டரும் வக்கீலும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தலைவர் திரியைப் பற்றவைத்துவிட்டார். பற்றிக்கொண்டதா என்று குனிந்து பார்த்தார். முழங்கால் பாட்டிலில் இடித்தது.

ராக்கெட் மேலே போகவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து, காவலாளி வீட்டு ஜன்னலுக்குள் போய்விட்டது.

முதலில் ஓட்டம் பிடித்தவர் மூச்சுப்பயிற்சி டீச்சர். பதட்டப்பட்டார் என்று சொல்ல முடியாது, மூச்சை இழுத்துக்கொண்டுதான் ஓடினார். தொட்டில் தீப்பிடித்துக்கொண்டது, பிறகு கொடித் துணி, பிறகு கட்டில். யாரோ "ஐயோ, குழந்தை!" என்று அலறினார்கள். அப்போதுதான் காவலாளி திரும்பினார்.

கதவை உடைத்துக்கொண்டு அந்தப் புகைக்குள் பாய்ந்தார். வெளியே வந்தபோது இரண்டு கையும் கொப்புளம். கையில் ஒன்றும் இல்லை. "காணோம் சார், பாப்பாவைக் காணோம்," என்று என்னிடம்தான் வந்து நின்றார். நல்லவேளை, அந்தப் பெண் அப்போது எங்கள் சமையலறையிலிருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். "பால் ஆற நேரமாயிடுச்சு அக்கா, இல்லைன்னா தொட்டில்லதானே போட்டிருப்பேன்," என்று என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. அறையில் மிச்சம் இருந்தது நாலு சுவர். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கேட்டார்: "ராக்கெட்டை விட்டது யாரு?"

"எனக்கு என்னங்க தெரியும்? பென்ஷன் வாங்குற கிழவன்," என்றார் தலைவர்.

"சட்டமெல்லாம் எனக்கு அவ்வளவா பழக்கமில்லை சார்," என்றார் வக்கீல்.

"நாங்க வெறும் பொதுமக்கள் சார். வேடிக்கை பார்க்க வந்தோம்," என்றார் ரிஸ்க் மேனேஜர். ஆமாம், ஆமாம் என்றது முற்றம்.

"ஏங்க, நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்!" என் மனைவி என் தோளை உலுக்கினாள்.

"சும்மா இரு. நமக்கெதுக்கு வம்பு?" என்றேன்.

"சரி, இந்த இடத்துக்குப் பாதுகாப்பு யாரு?" என்றார் அதிகாரி.

அத்தனை விரல்களும் காவலாளிப் பக்கம் நீண்டன. சீருடை போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"உன் கண்ணு முன்னாடிதானே நடந்திருக்கு? யாரு கொளுத்தினது?"

"நான் திரும்பிப் பார்க்கலைங்க சார்."

"காவலுக்கு நிறுத்தின ஆளு திரும்பிக்கூடப் பார்க்கலையா!" அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மறுநாளே அவரை வேலையைவிட்டு நிறுத்தினோம். கைக்கட்டோடு அவர் நடக்க, பின்னால் அந்தப் பெண் குழந்தையோடு போனாள். தூக்கிக்கொண்டு போகச் சாமான் எதுவும் இல்லாததால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை. என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் தீர்மானத்தைக் கேலி செய்தவர்கள் இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் கையில் பட்டாசைக் கொடுத்தால் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் தீயணைப்பு நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் கொளுத்திய நாங்கள் அத்தனை பேரும் 'வெறும் பொதுமக்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது.